காலை பத்தரைக்குத் தெளிந்திருந்த ஓடை: டர்பன் பொறியியல் வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென்னாப்பிரிக்காவில் பொறியியல் படிப்பவர்கள் சுற்றுச்சூழல் பாடத்தைத் தொடாமல் பட்டம் வாங்க முடியாது. இங்குள்ள பொறியியல் மன்றம் பட்டதாரிக்கு இருக்க வேண்டிய தகுதிகளை வரிசைப்படுத்தியிருக்கிறது. அதில் ஏழாவது, பொறியியல் வேலையால் மக்களுக்கும் இயற்கைக்கும் என்ன நேரும் என்பதை அறிந்து நடப்பது. ஆகவே பாடம் இருக்கிறது, தேர்வும் இருக்கிறது. ஆனால் சிவில் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் பேசிப் பாருங்கள். கட்டமைப்புப் பகுப்பாய்வும் நீரியக்கவியலும்தான் அவர்களுக்கு உண்மையான பாடங்கள். சுற்றுச்சூழல் அறிவியல் என்பது மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டியது.

டர்பனில் நான் கற்பிக்கும் வகுப்பிலும் இதே நிலைதான். கரைந்த ஆக்சிஜன் என்றால் என்ன என்று கேட்டால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள். ஓர் ஓடையின் முன்னால் நிறுத்தி, இது கெட்டிருக்கிறதா, எதனால் என்று கேட்டால் பதில் வராது. இதை மாற்றத்தான் 2023இல் ஆறு வாரப் பாடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் களப்பணி வைத்தோம். ஒவ்வொரு குழுவும் நகரத்து ஓடை ஒன்றைத் தேர்ந்து, அளந்து, குறை கண்டு, தீர்வு சொல்ல வேண்டும். அந்தக் குழுக்களில் ஒன்றுக்கு நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஓடை, ஊர், ஆட்கள் எதற்கும் பெயர் சொல்லப்போவதில்லை.

குழுவில் நான்கு பேர். ஒரு மாணவியின் ஆயா, அதாவது பாட்டி, அந்த ஓடைக்கரையில்தான் குடியிருக்கிறார். டர்பனின் தென்மேற்குக் குன்றுகளில், இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்து அனுப்பப்பட்ட இந்தியக் குடும்பங்கள் 1960களிலிருந்து வாழும் பகுதி அது. இன்னொரு மாணவர் டர்பனை ஒட்டிய உம்லாசி என்ற ஊரிலிருந்து வருகிறவர், வீட்டில் ஜூலு பேசுபவர். ஓடை குடியிருப்பைத் தாண்டி, தகரக் கொட்டகைகள் நெருங்கி நிற்கும் சரிவின் வழியாக இறங்கி ஆற்றில் சேர்கிறது. அங்கே பெண்கள் துணி துவைக்கிறார்கள். இந்த ஒரு விவரம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது.

முதலில் அளந்தவை

ஆய்வகம் புதன்கிழமைதான் கிடைக்கும். அதனால் எல்லா மாதிரிகளும் புதன் காலை பத்தரை மணி வாக்கில் எடுக்கப்பட்டன. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 7 மில்லிகிராம் பக்கம் இருந்தது. அந்த வெப்பநிலையில் தண்ணீர் கொள்ளக்கூடிய அளவே ஏறக்குறைய 8.7தான் என்பதால் இது நல்ல எண். அம்மோனியா பட்டையில் நிறம் மாறவே இல்லை. தெளிவைப் பார்க்கும் குழாயிலும் தண்ணீர் நன்றாகத்தான் தெரிந்தது. மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை நுண்ணுயிர் மட்டும், குளிக்கும் நீருக்கு இந்நாட்டு வழிகாட்டி சொல்லும் 100 மில்லிலிட்டருக்கு 130 என்ற அளவைத் தாண்டியிருந்தது. நகரத்து ஓடை எல்லாம் அப்படித்தான் என்று குழு அதை ஒரு வரியில் முடித்துக்கொண்டது.

அப்புறம் மினிசாஸ். ஆற்றின் உடல்நிலையைச் சிற்றுயிர்களை வைத்துக் கணிக்கத் தென்னாப்பிரிக்காவில் உருவான எளிய முறை இது. வலையால் கல்லையும் செடியையும் கலக்கி, கிடைக்கும் உயிர்களைப் பதின்மூன்று வகைகளில் எவை என்று பார்க்க வேண்டும். மாசைத் தாங்காத உயிருக்கு மதிப்பு அதிகம். சுத்தமான தண்ணீரில் மட்டும் வாழும் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சிக்கு 17, எதையும் தாங்கும் புழுவுக்கு 2. கிடைத்த வகைகளின் மதிப்பைக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம்.

குழுவுக்குக் கிடைத்தவை நான்கே வகை: புழு 2, அட்டை 2, ஈ இனத்தின் இளம்புழு 2, நத்தை 4. மொத்தம் 10, சராசரி 2.5. அட்டவணைப்படி மிக மோசம். ஈ இனத்தில் பெரும்பாலானவை செக்கச்சிவந்த புழுக்கள். அந்தச் சிவப்பு, உடலில் உள்ள ஹீமோகுளோபினால் வருவது. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் பிழைக்க அதுதான் அந்தப் புழுவுக்கு உதவுகிறது. ஆக்சிஜன் 7 இருக்கும் தண்ணீரில் இப்படிப்பட்ட உயிர் மட்டுமே ஏன் இருக்க வேண்டும்?

ஒட்டாத இரண்டு கணக்குகள்

குழுவின் முதல் வரைவில் மினிசாஸ் முடிவு பின்னிணைப்புக்குப் போய்விட்டது. கருவி எண் தருகிறது, பூச்சி பிடிப்பது பொழுதுபோக்கு என்பது அவர்கள் எண்ணம். பொறியியல் மாணவர்களிடம் இந்த எண்ணம் இயல்பாகவே வரும். நாங்களே அவர்களுக்கு எண்ணைத்தானே முதலில் கற்றுத்தருகிறோம்.

அந்த வரைவை நான் திருப்பி அனுப்பினேன். இரண்டு அளவீடுகளும் சரி என்று வைத்துக்கொண்டால் எந்த நிலையில் இரண்டும் ஒரே ஓடையில் இருக்க முடியும் என்று எழுதி வரச் சொன்னேன். வேறு எந்தக் குறிப்பும் தரவில்லை.

ஒரு வாரம் கழித்து நல்ல பதிலோடு வந்தார்கள். கருவி, தொட்ட நிமிடத்தை மட்டும் சொல்கிறது. புழு அங்கேயே குடியிருக்கிறது. ராத்திரி வந்த தண்ணீரும் நேற்று வந்த தண்ணீரும் அதன் மேல் போயிருக்கின்றன. அதனால் நாங்கள் இல்லாத நேரத்தில் ஏதோ வந்துபோகிறது என்றார்கள். கூடவே, பகல் ஏற ஏறப் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை உயர்த்தும், இருட்டில் அதே பாசி அதைச் செலவழிக்கும், ஆகவே காலை பத்தரையின் 7 நாள் முழுவதற்குமான 7 அல்ல என்றும் சேர்த்திருந்தார்கள். பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே படித்த செய்திதான். இப்போது அதை ஒரு கேள்விக்குப் பதிலாகப் பயன்படுத்தினார்கள். அந்த மாணவி பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து இன்னொன்றையும் கண்டுபிடித்திருந்தார். நாணலில், நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, வெள்ளைக் காகிதக் கந்தல் தொங்கிக்கொண்டிருந்தது. மழையில்லாத வாரம் அது.

ஆயா சொன்னது

மாணவி தன் ஆயாவிடம் பேசலாம் என்றார். ஆயாவுக்கு ஆங்கிலம் தெரியும், ஆனால் வீட்டு விஷயம் பேசத் தமிழ்தான் வசதி. பேத்திக்குக் கேட்டால் புரியும், பேச வராது. அதனால் நானும் போனேன். குழு முழுவதும் வந்து திண்ணையில் உட்கார்ந்தது.

"லைட்டு போயி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் நாத்தம் வரும் தம்பி. காத்தால பத்து மணிக்கு வந்து மோந்து பாத்தா என்ன தெரியும்?" என்றார்.

எப்போதிலிருந்து என்று உம்லாசி மாணவர் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். முன்பெல்லாம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதத்தில் பிள்ளைகள் ஓடையில் இறங்கி விளையாடுவார்கள், இப்போது ஜன்னலையே திறப்பதில்லை, லைட்டு அடிக்கடி போக ஆரம்பித்த பிறகுதான் இவ்வளவு மோசம் என்றார் ஆயா. எல்லா நேரமும் வருமா என்று மாணவர் விடாமல் கேட்டார். "நடுராத்திரி லைட்டு போனா வராது. சாயங்காலமும் விடியக்காலையும்தான்."

இதை மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதியதைப் பார்த்தேன். ஒருவர் தலைப்பாக "உள்ளூர்க் கருத்து" என்று போட்டிருந்தார். அதை "அவதானிப்பு" என்று திருத்தச் சொன்னேன். நேரமும் நிபந்தனையும் விதிவிலக்கும் சேர்த்துச் சொல்லப்பட்ட ஒன்றுக்கு அதுதான் சரியான பெயர். பத்தாண்டுகளாகத் தினமும் ஒரே இடத்தில் இருந்து பார்த்தவரின் சாட்சியம் அது. எங்களிடம் இருந்த எந்தக் கருவியும் அதற்கு ஈடாகாது.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். 2023 தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த ஆண்டு. லோட் ஷெடிங் என்று எல்லோரும் சொல்வார்கள். பகுதிவாரியாக, பொதுவாக இரண்டு இரண்டு மணி நேரமாக, அட்டவணை போட்டு மின்சாரம் நிறுத்தப்பட்டது. மேட்டுப் பகுதிக்குக் கழிவுநீரைத் தள்ளும் பம்ப் நிலையத்தில் மாற்று மின்சாரம் இல்லையென்றால், கழிவு வந்து சேரும் தொட்டியான சம்ப் நிரம்பி, வழிந்து, பக்கத்தில் உள்ள ஓடையில் இறங்கும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

மாணவர்கள் அன்று இரவே போய் மாதிரி எடுக்கத் துடித்தார்கள். அனுமதிக்கவில்லை. மின்சாரம் இல்லாத இருட்டில், கழிவுநீர் ஓடும் கரையில், திருட்டு பயமும் உள்ள இடத்தில் மாணவர்களை இறக்கக் கூடாது. டர்பன் இருக்கும் குவாசூலு நேட்டால் மாகாணத்தின் ஆறுகளில், தண்ணீரிலிருந்து தோல் வழியே புகும் ஒட்டுண்ணியால் வரும் பில்ஹார்சியா நோயும் உண்டு. பகலிலேயே முழங்கால் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் யாரும் தண்ணீரைத் தொடவில்லை.

பதிலாக, மின்கடத்துதிறனைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானே பதிவு செய்யும் சிறிய கருவி ஒன்றைச் சிறுபாலத்தின் அடியில் குழாய்த் துண்டுக்குள் வைத்துச் சங்கிலியால் பூட்டினோம். ஈ.கோலை நேரடியான சாட்சிதான், ஆனால் அதை வளர்த்துப் பார்க்க ஒரு நாள் ஆகும், இரவில் எடுக்க ஆளும் வேண்டும். கழிவுநீரில் உப்பு அதிகம். அது ஓடையில் கலந்தால் மின்கடத்துதிறன் உடனே ஏறும். மழைநீர் வந்தால் இறங்கும். ஆகவே மழையையும் கழிவையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு. குறைந்த செலவில் எதை அளந்தால் நம் கேள்விக்குப் பதில் வரும் என்று யோசிப்பதையே இந்தப் பாடத்தின் மையமாக நான் கருதுகிறேன். விலை உயர்ந்த கருவி இல்லையே என்ற ஏக்கம் மாணவர்களிடம் இருந்தது. ஆனால் இங்கே அது தேவைப்படவில்லை.

கருவி காட்டியது

இரண்டு வாரப் பதிவை மின்வெட்டு அட்டவணையோடு ஒரே தாளில் வரைந்தார்கள். சாதாரண நேரத்தில் மீட்டருக்கு 45 மில்லிசீமன்ஸ் அளவில் கிடந்த கோடு, மாலை மின்வெட்டில் மின்சாரம் போய் ஏறக்குறைய 70 நிமிடம் கழித்து எழும்பி 80ஐ நெருங்கியது. காலை ஆறு மணி வெட்டிலும் அப்படியே. நள்ளிரவு வெட்டில் கோடு அசையவில்லை. ஆயா சொன்னது ஒவ்வொன்றும் வரைபடத்தில் இருந்தது.

அந்த 70 நிமிடத்தை வைத்துக் குழு செய்த கணக்கைத்தான் இந்த நிகழ்வின் மிகச் சிறந்த பகுதி என்பேன். சம்பின் அளவு அவர்களுக்குத் தெரியாது. வீடுகளை வரைபடத்தில் எண்ணினார்கள், சுமார் 500. வீட்டுக்கு நாளொன்றுக்கு 600 லிட்டர் கழிவுநீர் என்று எடுத்துக்கொண்டால் நாளுக்கு 300 கன மீட்டர், அதாவது நொடிக்குச் சராசரி 3.5 லிட்டர். மாலையில் அதைப் போல இரண்டரை மடங்கு, 8.7 லிட்டர் பக்கம். 70 நிமிடம் தாங்கியது என்றால் சம்பில் இருந்த காலி இடம் ஏறக்குறைய 36 கன மீட்டர். நள்ளிரவில் நொடிக்கு ஒரு லிட்டர்தான் வரும் என்று வைத்தால் இரண்டு மணி நேரத்தில் 7 கன மீட்டர் பக்கம்தான் சேரும், வழியாது. காலை பத்து மணி வெட்டில் சராசரி வரத்து என்றால் 25 கன மீட்டர், அப்போதும் வழியாது. புதன்கிழமை காலை பத்தரைக்கு மின்சாரமே இல்லாமல் இருந்திருந்தாலும் அவர்கள் மாதிரி எடுத்த நேரத்தில் ஓடை தெளிவாகத்தான் இருந்திருக்கும். ஆய்வக நேரம் அந்த நோயைச் சரியாக மறைத்துக்கொண்டிருந்தது.

ஆனால் வரைபடத்தில் ஒரு விஷயம் இடித்தது. சில நாட்களில் பத்து மணி வெட்டுக்குப் பிறகு, மதியம் ஒரு மணிக்குக் கோடு எழும்பியது. மின்சாரமோ பன்னிரண்டுக்கே வந்துவிட்டது.

பம்ப் நிலையத்திலிருந்து ஒருவர்

உம்லாசி மாணவரின் சித்தப்பா வேறொரு பகுதியில் பம்ப் பராமரிப்பில் வேலை செய்பவர். தன் குடும்பத்து ஆளின் வேலையை வகுப்பில் குற்றம் சொல்வது போலாகிவிடுமோ என்று மாணவர் தயங்கினார். குற்றம் சொல்ல அல்ல, எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள என்று சொல்லி அழைத்தோம். அவர் மனமுவந்து வந்தார்.

வரைபடத்தைப் பார்த்ததும் விரலை மதியத்துக் கோட்டில் வைத்தார். மின்சாரம் திரும்பும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும், பாதுகாப்பு ரிலே பம்பை நிறுத்திவிடும், ஆள் போய்க் கையால் திருப்பிப் போட வேண்டும், ஒரு குழுவுக்குப் பல நிலையங்கள் என்றார். குழு உடனே கணக்கைத் திருப்பிப் போட்டது. 36 கன மீட்டர், நொடிக்கு 3.5 லிட்டரில் நிரம்ப மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பத்துக்கு நின்ற பம்ப் திரும்ப ஓடவே இல்லை என்றால் ஒரு மணிக்கு வழியும். பொருந்தியது.

அந்த வகுப்பில் அவரிடம் மாணவர்கள் கேட்ட கேள்விகள் போல வருடம் முழுவதும் என்னிடம் கேட்டதில்லை. தங்கள் துறையில் நாற்பது வருடம் தாங்கள் பேசிப் பழகப் போகிற மாதிரியான ஒருவரைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தீர்வைத் தேடிய இடம்

குழுவின் முதல் தீர்வு, ஓடையின் கீழ்ப்பகுதியில் நாணல் வளர்த்த செயற்கைச் சதுப்பு. பாடநூலில் அழகான படத்தோடு வருவது. அதையே அளவிட்டுக் காட்டச் சொன்னோம். சீராக வரும் நீருக்குச் சதுப்பு நன்றாக வேலை செய்யும். ஒரே மணி நேரத்தில் குபுகுபுவென்று வந்து நின்றுவிடும் கழிவுக்கு, அந்தச் சரிவில், கொட்டகைகளை அப்புறப்படுத்தாமல் இடமே இல்லை. ஏழைகளின் வீட்டை எடுத்துச் சுற்றுச்சூழலைக் காக்கும் வரைபடத்தை நான் ஏற்பதில்லை.

பிறகு அவர்கள் எழுதிய மூன்று தீர்வுகளும் ஓடையை விட்டு நிலையத்துக்குள் போய்விட்டன. மின்சாரம் திரும்பிச் சற்று நேரம் கழித்துப் பம்ப் தானாக ஓடத் தொடங்கும் ரிலே. நடமாடும் ஜெனரேட்டரை வந்தவுடன் செருகும் இணைப்பு. சம்பைப் பெரிதாக்குவது. முதலாவது மிக மலிவு, மதிய வழிதலை மட்டும் நிறுத்தும். மூன்றாவது விலை அதிகம், ஆனால் நிலையான தீர்வு. எது எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று பிரித்து எழுதியிருந்தார்கள்.

யாரிடம், எப்படி

ஒருவர் காணொளி எடுத்துப் பரப்பலாம் என்றார். இன்னொருவர் அறிக்கையைக் கொடுத்து மதிப்பெண் வாங்கினால் போதும் என்றார். இரண்டும் வேண்டாம் என்று முடிவானது. அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடு செய்யாத சூழல் ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம், மாசு நேராமல் தடுக்கும் பொறுப்பையும் நேர்ந்தால் தெரிவிக்கும் பொறுப்பையும் விதிக்கிறது. தெரிந்த பிறகு பேசாமல் இருக்க முடியாது. அதே நேரம் பம்பைக் கையால் திருப்பிப் போட ஓடும் தொழிலாளியின் தலையில் பழி விழும்படியும் பேசக் கூடாது.

முதலில் கரையில் குடியிருப்பவர்களிடம் சொன்னோம், கீழே துணி துவைப்பவர்களிடமும். உம்லாசி மாணவர் ஜூலுவில் விளக்கினார்: எந்த நேரத்தில் தண்ணீரைத் தொடக் கூடாது, பிள்ளைகளை எப்போது விலக்கி வைக்க வேண்டும். அடுத்து, நிலையத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம், நேர வரைபடம், மூன்று தீர்வுகள்.

பிறகு நடந்தது

பதில் வர வாரங்கள் ஆயின. ரிலே மாற்றப்பட்டது. ஜெனரேட்டர் இணைப்பு பற்றிப் பேச்சு நடந்தது, அந்த ஆண்டில் வரவில்லை. மதியத்து எழுச்சி பதிவிலிருந்து மறைந்தது, மாலை எழுச்சி அப்படியே இருந்தது. வருடக் கடைசியில் மினிசாஸ் எடுத்தபோது பழைய நான்கு வகையோடு சின்ன மேஃப்ளை ஒன்று, மதிப்பு 5, சேர்ந்திருந்தது. மொத்தம் 15, சராசரி 3. அட்டவணையில் இன்னும் மிக மோசம்தான். ஆனாலும் மாணவர்கள் அந்தப் பூச்சியை வெள்ளைத் தட்டில் வைத்து வெகுநேரம் பார்த்தார்கள்.

2024 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் மின்வெட்டு நின்றது. பல மாதங்களுக்குத் திரும்ப வரவில்லை. குழுவின் முடிவைச் சோதிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று கருவியை மறுபடி வைத்தோம். மாலை எழுச்சிகள் போய்விட்டன. ஆனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை, எந்த ஒழுங்கும் இல்லாமல், கோடு எழும்பி மணிக்கணக்கில் நின்றது. மின்சாரம் போன நேரங்கள் அல்ல அவை. மேன்ஹோல் ஒன்றில் சமையல் எண்ணெயும் துணியும் உறைந்து அடைத்திருந்தது பின்னர் தெரிந்தது. அறிக்கையில் "காரணம் மின்வெட்டு" என்றிருந்த வரியை, அதற்குள் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்ட அதே குழு வந்து "முதன்மைக் காரணம்" என்று திருத்திக்கொடுத்தது.

மற்றக் குழுக்களில் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு குழுக்கள் புதன்கிழமை எண்களை அட்டவணையாக்கி, "ஓடை ஓரளவு நன்றாக உள்ளது" என்று முடித்தன. கரையில் குடியிருக்கும் சொந்தக்காரர் அவர்களுக்கு இல்லை.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

மாதிரி எடுக்கும் நேரத்தை இனி ஆய்வக அட்டவணை தீர்மானிக்காது. முதல் வாரமே, எப்போது அளப்பது, ஏன் அப்போது என்று குழு எழுதித் தர வேண்டும். அதற்கு மதிப்பெண்ணில் கால் பங்கு. அளந்த எண் சரியா தவறா என்பதற்கு அதைவிடக் குறைவு.

கரையில் வாழும் இரண்டு பேரிடமாவது, முதல் மாதிரிக்கு முன்பே, பேச வேண்டும். உறவினர் இருந்தால்தான் நடக்கும் என்ற நிலை கூடாது என்பதால் கோயில் குழு, தேவாலயம், கிளினிக் செவிலியர் வழியாக அறிமுகத்தைத் துறையே செய்து தருகிறது. மொழிபெயர்ப்பவர் யார் என்பதும் திட்டத்திலேயே எழுதப்படுகிறது.

பம்ப் பராமரிப்பாளர் ஒருவரின் வகுப்பு நிரந்தரமாகிவிட்டது. அவருக்கு மதிப்பூதியம் தரத் துறை ஒப்புக்கொள்ள ஓர் ஆண்டு பிடித்தது. தன்பதிவுக் கருவிகள் இன்னும் போதவில்லை, இருப்பவற்றைக் குழுக்கள் முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. நான் கேட்டுக்கொண்டிருக்கும் பெரிய மாற்றம் இன்னும் நடக்கவில்லை: பம்ப் வடிவமைப்பு கற்பிக்கும் பாடமும் இதுவும் ஒரே பருவத்தில், ஒரே ஓடையை வைத்து நடக்க வேண்டும். சம்பின் அளவை ஒரு வகுப்பில் கணக்கிட்டு, அது வழிந்தால் எங்கே போகும் என்பதை இன்னொரு ஆண்டில் படிப்பது தொடர்கிறது. பாடத்திட்டக் குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது.